அக்கரை ஆபீஸில் இரண்டு இடம்

இனிஷ்கோர் தீவு
1998 ஜனவரி 11

என் நூலாவுக்கு,

இங்கே நானும் பசுவும் சுகம். அடுப்புதான் புகைகிறது. அதற்கும் ஒரு வைத்தியம் யோசித்து வைத்திருக்கிறேன்.

இதோடு ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு மேலே படி. படித்தாயா? அரசாங்கத்தில் எழுத்தர் வேலை. ஐரிஷ் சரளமாகப் பேசுகிறவர்கள்தான் வேண்டுமாம். லெட்டர்கென்னி நகரில் எழுத்துத் தேர்வு, பிறகு நேர்காணல், ஐரிஷில் வாய்மொழித் தேர்வு. தேறினால் அக்கரை ஆபீஸில் இரண்டு இடம். நம் படகு போய் நிற்கும் துறைக்கு மேலே சாம்பல் நிறத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறதே, அதே ஆபீஸ்தான்.

இந்தத் தாளை நான் கைப்பற்றிய கதை தனி. சனிக்கிழமை மானஸின் படகில் வந்துகொண்டிருந்தேன். நடுவழியில் முப்பதடி அலை. முப்பது வருடமாகப் படகு ஓட்டுகிற மானஸுக்கே முகம் வெளுத்துவிட்டது. யார் மடியிலிருந்தோ இந்தத் தாள் பறந்தது. ஒரு கையால் சுக்கானையும் மறு கையால் தாளையும் பிடித்தேன். பிடித்த இடத்திலேயே என் கட்டைவிரலுக்குக் கீழே 'ஐரிஷ்' என்ற சொல். இதை நான் என்னவென்று நினைக்க?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், நான்தான் கேட்கவில்லை. இருந்தாலும் ஒரு கணக்கு எனக்குத் தெரியும். படகில் இருபத்தைந்து நிமிடம். காலையில் போனால் மாலையில் வீட்டில் தேநீர் குடிக்கலாம். அந்த ஆபீஸின் மாடி ஜன்னலில் நின்றால் நம் வீட்டுப் புகை தெரியும்.

உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நாம் இரண்டு பேர் இருந்தோம். நீ கிளாஸ்கோவுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. நான் உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதே. தாளை அனுப்புகிறேன், அவ்வளவுதான். தாளை வீணாக்கக் கூடாது.

உன் மாமா,
ஹியூடி

*

கிளாஸ்கோ
ஜனவரி 25

அன்புள்ள ஹியூடி மாமாவுக்கு,

தாள் கிடைத்தது. அதன் ஓரத்தில் க்ரான்யா தன் கடைப் பென்சிலால் 'மெழுகுவர்த்தி, மாவு, கயிறு' என்று எழுதியிருக்கிறாள். முப்பதடி அலையில் அவளும் உங்களோடு இருந்தாளா?

படிவத்தை வரவழைத்துவிட்டேன். ஐரிஷில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. பெருமையாக ஐரிஷ் படிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். நம் தீவில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதே இல்லை. கடைசியில் இங்கிலீஷ் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஐரிஷ் படிவம் என்ன கேட்கிறது என்று கண்டுபிடித்தேன். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. அறையில் யாரும் இல்லை, ஆனாலும் வெட்கமாக இருந்தது.

இங்கே எனக்குப் பேச ஆளில்லை. சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கும்போது மட்டும் ஐரிஷில் எண்ணுகிறேன். மறுமுனையைப் பிடிக்கிற மொராக் கேட்கிறாள், "ஏன்டி, துணி மடிக்கிறியா, ஜெபம் பண்றியா?" என்று. போன வாரம் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு கிழவர்கள் நம் பக்கத்து ஐரிஷில் முட்டிவலியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். என் நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை. நான்கு நிறுத்தம் தாண்டி அவர்கள் இறங்கிய பிறகு இறங்கி, மழையில் திரும்பி நடந்தேன்.

படிவத்தில் ஒரு கேள்வி: 'சிரமமான ஒரு மனிதரை நீங்கள் சமாளித்த சந்தர்ப்பத்தை விவரிக்கவும்.' எனக்கு உங்களைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை.

விண்ணப்பிக்கத்தான் போகிறேன். எனக்கு அந்த ஆபீஸ் வேண்டும், மாமா. எவ்வளவு வேண்டும் என்று எழுதப் பயமாக இருக்கிறது. அதனால் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். கடைத் தொலைபேசியில் என்னைக் கூப்பிடவும் வேண்டாம். அதில் பேசினால் தீவு முழுவதும் பேசியதாகிவிடும்.

நூலா

*

இனிஷ்கோர்
பிப்ரவரி 2

என் நூலாவுக்கு,

யாரிடமும் சொல்லவில்லை. க்ரான்யாவிடம் மட்டும் சொன்னேன், தபால்தலை வாங்கும்போது. மானஸ் பக்கத்தில் நின்றான், அவன் காதை நான் என்ன செய்ய? பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்ற பத்துப் பதினைந்து பேர். வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவே இல்லை. கிடைக்காது என்று சொல்லவில்லை, அவ்வளவே. க்ரான்யாதான் அதை மந்திரியின் காரியதரிசி வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

சிரமமான மனிதருக்கு நான் உதாரணம் தருகிறேன், எழுதிக்கொள். அரசாங்க ஆய்வாளர் ஒருவர் படகில் வந்தார். அதே படகில் நம் காளை. காளை கயிறு அறுத்துக்கொண்டது. ஆய்வாளர் பாய்மரத்தில் ஏறிவிட்டார். நான் காளையிடம் ஐரிஷிலும் ஆய்வாளரிடம் இங்கிலீஷிலும் பேசி இருவரையும் கரைசேர்த்தேன். மானஸின் படகில் பாய்மரம் ஏது என்று கேட்பாய். அப்போது இருந்தது.

வாய்மொழித் தேர்வைப் பற்றிக் கவலையே படாதே. டப்ளினிலிருந்து வருகிறவர்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவர்கள். நீ அதிலேயே அழுது, அதிலேயே பால் குடித்தவள். ஜெர்மனியிலிருந்து ஒரு ஆள் ஐரிஷ் கற்றுக்கொள்ள என்னிடம் வந்தாரே, மூன்றே வாரத்தில் அவரை முடித்து அனுப்பினேன். இப்போது அங்கே பேராசிரியராம்.

உன் அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறேன். சுவரில் ஈரம் ஏறியிருந்தது, அதனால்தான்.

ஹியூடி

*

கிளாஸ்கோ
மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

பிப்ரவரிக் கடைசியில் இரவுப் பஸ்ஸில் லெட்டர்கென்னி வந்து எழுத்துத் தேர்வு எழுதிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினேன். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் துறையில் மேளம் வைத்திருப்பீர்கள். எண்களைச் சரிபார்ப்பது, கோப்புகளை வரிசைப்படுத்துவது, இவ்வளவுதான் கேட்டார்கள். விரிப்பு எண்ணுகிறவளுக்கு அது ஒன்றும் பெரிதில்லை. தேறிவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நேர்காணல். அது முடிந்ததும் வேறு அறையில் ஐரிஷ் வாய்மொழித் தேர்வு. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்.

ஒரு விஷயம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எனக்கு வேலை. விடுப்பு கேட்டேன், தரவில்லை. மதியம் இரண்டு மணிப் பஸ்ஸைப் பிடித்தால்தான் முடியும். முப்பது மைல் தூரத்தில் நிற்பேன், தீவுக்கு வர முடியாது. அதைப் பற்றி எழுதாதீர்கள். எழுதினால் நான் சனிக்கிழமை வேலையை விட்டுவிடுவேன். அதை விட்டுவிட்டு இதுவும் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வேன்?

நூலா

*

இனிஷ்கோர்
ஏப்ரல் 5

என் நூலாவுக்கு,

வெள்ளிக்கிழமை இங்கே நல்ல காற்று. படகு புறப்படவில்லை. எனக்கு அதனால் ஒன்றும் இல்லை, எனக்கு எங்கேயும் போகிற யோசனையே கிடையாது. காலை ஏழு மணிக்கு நான் கோட்டும் சூட்டும் போட்டுத் துறையில் நின்றதாக மானஸ் உனக்கு எழுதினாலும் எழுதுவான். சூட்டுக்குப் பூச்சி வராமல் காற்றாட விட்டேன். பெட்டிக்குள் இருந்தால் கெட்டுப்போகும். துணியைக் கொடியில் போட்டால் பறந்துவிடும், உடம்பில் போட்டால் பறக்காது.

பன்னிரண்டு மணி வரை காற்றாட விட்டேன். மானஸ் மூன்று தடவை வந்து, "வீட்டுக்குப் போ ஹியூடி, இன்னைக்குக் கடல் விடாது"ன்னான். நான் எதற்குப் போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

எப்படிப் பேசினாய் என்று எழுது. நன்றாகத்தான் பேசியிருப்பாய்.

ஹியூடி

*

கிளாஸ்கோ
மே 14

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்துவிட்டது. நேர்காணலில் தேறினேன். நல்ல மதிப்பெண். ஐரிஷில் தோற்றுவிட்டேன்.

இன்னொரு தடவை படியுங்கள், நானும் அப்படித்தான் படித்தேன். எண்களைச் சரிபார்ப்பதில் தேறி, ஐரிஷில் தோற்றிருக்கிறேன். தீவில் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவைத்தீர்களே, இப்போது இதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். அந்த வரியை அடித்துவிடப் போவதில்லை, இருக்கட்டும்.

நடந்தது இதுதான். தேர்வாளர் பெயர் டெம்ப்சி. நடு மாகாணத்துக்காரர், சாதுவான மனிதர், மேல் உதட்டில் வியர்வை. ஊரைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். வேலையைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். நான் பேசப் பேச அவருக்கு வேகம் பிடிபடவில்லை என்று தெரிந்தது. பிறகு படகுப் போக்குவரத்தைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தார். பாதியில் ஒரு சொல் வரவில்லை. கண்ணை மூடித் திறந்தார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் நின்றார். காது சிவந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நம் வீட்டு வாசலில் வெளியூர்க்காரர் ஒருவர் தடுமாறினால் என்ன செய்வோமோ, அதைச் செய்தேன். இங்கிலீஷுக்கு மாறினேன். யோசித்துச் செய்யவில்லை. விழப் போகிறவரைக் கை நீட்டிப் பிடிக்கிற மாதிரி வந்துவிட்டது. டாக்டர் வந்தால் அப்படித்தான், போலீஸ்காரர் வந்தால் அப்படித்தான், புதுப் பாதிரியார் வந்தால் அப்படித்தான். அவருக்கும் உயிர் வந்தது. மீதிப் பத்து நிமிடமும் படகு, அலை, மீன் என்று இரண்டு பேரும் இங்கிலீஷில் சந்தோஷமாகப் பேசினோம். கை குலுக்கினார். நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்து வெளியே வந்தேன்.

'விண்ணப்பதாரர் தேர்வு முழுவதும் ஐரிஷில் பேசவில்லை.' இவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பொய் என்று சொல்ல முடியாது.

இருபத்தொரு நாளுக்குள் காரணம் எழுதினால் மறுபரிசீலனை செய்வார்களாம். என்ன காரணம் எழுதுவது? மரியாதைக்காகப் பேசாமல் விட்டேன் என்றா? அரசாங்கம் சிரிக்கும். இங்கே சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலையை நிரந்தரமாகத் தருவதாகச் சொல்கிறார்கள். அதைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

நூலா

*

இனிஷ்கோர்
மே 20

என் நூலாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படகு ஏறி அக்கரை ஆபீஸுக்குப் போனேன். கதவை உதைத்துத் திறந்தேன். "எவன்டா என் மருமகளுக்கு ஐரிஷ் தெரியாதுன்னு எழுதினவன்?" என்று கேட்டேன். மேலதிகாரி நாற்காலியோடு பின்னால் போனார். மேசையில் நான் போட்ட குத்தில் மைக்கூடு கூரைக்கு

இல்லை. நிறுத்திக்கொள்கிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

கதவு திறந்துதான் இருந்தது. காலைத் துடைத்துவிட்டு உள்ளே போனேன். உன் தேர்வுக்கும் இந்த ஆபீஸுக்கும் சம்பந்தமில்லை, அதை வைப்பது வேறு ஆட்கள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கவுண்டரில் ஒரு பெண். ரோஷீன் என்று மார்பில் பெயர் மாட்டியிருந்தாள். டப்ளினுக்குப் பக்கத்தில் கில்டேர்க்காரி, உன் வயசுதான் இருக்கும். நான் ஐரிஷில் ஆரம்பித்தேன். படகிலேயே முழுப் பேச்சையும் தயார் செய்து வைத்திருந்தேன், நல்ல பேச்சு. அவள் கவனமாகக் கேட்டுவிட்டு ஐரிஷில் பதில் சொல்ல ஆரம்பித்தாள். நான்கு சொல் வந்தது. ஐந்தாவது வரவில்லை. கழுத்திலிருந்து நெற்றி வரை சிவந்தாள்.

நூலா, உனக்காகச் சண்டை போடப் போனவன் நான். நீ ஐரிஷில் பேசவில்லை என்று எழுதினார்கள் என்பதற்காகப் போனவன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் இங்கிலீஷில், "பரவாயில்லம்மா, மெதுவா சொல்லு" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் இங்க வந்து எட்டு மாசம் ஆச்சு ஐயா. இதுவரைக்கும் இந்த ஊர்ல யாரும் என்னை ஒரு வாக்கியத்தை முடிக்க விட்டதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்கும். "வீட்டுக்காரம்மா, கடைக்காரர், தபால்காரர், எல்லாரும் நல்லவங்க. நான் திக்கினா போதும், உடனே இங்கிலீஷ். அவங்களுக்குள்ள மட்டும் ஐரிஷ். நான் எப்பய்யா உள்ள வர்றது?"

நான் தொப்பியைக் கழற்றினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. "சரிம்மா, முதல்ல இருந்து சொல்லு" என்று ஐரிஷில் சொல்லிவிட்டு நின்றேன். நீண்ட நேரம் ஆனது. என் வாய்க்குள் அந்த ஐந்தாவது சொல் துள்ளிக்கொண்டிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் அவளே சொன்னாள். இருபத்தொரு நாளில் எந்த முகவரிக்கு எழுத வேண்டும் என்பதுதான் அவள் சொல்ல வந்தது.

படகில் திரும்பும்போது அந்த ஜெர்மன்காரரை நினைத்தேன். அவர் மூன்று வாரத்தில் முடித்துப் போகவில்லை. அலுத்துப்போய்ப் போனார். இங்கிருந்து போகும்போது அவருடைய இங்கிலீஷ்தான் நன்றாகியிருந்தது. நான் அவருக்கு உபகாரம் செய்வதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ நடந்ததை அப்படியே எழுது. சிரித்தால் சிரிக்கட்டும். எங்கள் ஊரில் இது மரியாதை என்று எழுது. அந்த மரியாதையால் யார் வெளியே நிற்கிறார்கள் என்றும் எழுது. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. க்ரான்யாவிடமும் இப்படியேதான் சொன்னேன், அவள்தான் நம்பவில்லை.

ஹியூடி

*

கிளாஸ்கோ
ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

எழுதினேன். மூன்று பக்கம், ஐரிஷில். இந்தத் தடவை பக்கத்தில் இங்கிலீஷ் படிவம் வைத்துக்கொள்ளவில்லை. நாம் பேசுகிற மாதிரியே எழுதினேன்.

மறுபடி கூப்பிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை, அதே அறை. டெம்ப்சியோடு இன்னொரு அம்மாவும் இருந்தார். அந்த அம்மா ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தார், கேள்வி கேட்டது டெம்ப்சிதான். எட்டாவது நிமிடத்தில் மறுபடி நின்றார். அதே வியர்வை, அதே காது. என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், மாமா. அடுத்தவர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதைவிட ஆஸ்பத்திரி விரிப்பு முழுவதையும் கையால் துவைக்கலாம். அவருக்குச் சொல் கிடைத்தது. நம் பக்கத்துச் சொல் இல்லை, புத்தகச் சொல். ஆனால் எனக்குப் புரிந்தது, நான் பதில் சொன்னேன், அவர் அடுத்த கேள்விக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் வேகம்கூடக் கூடியது.

வாசல் வரை வந்தார். "போன தடவை நீங்க எனக்கு உதவி பண்ணீங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னுதான் தெரியல" என்றார்.

தேறிவிட்டேன். நேற்றுத்தான் கடிதம் வந்தது.

இப்போது மீதியையும் படியுங்கள். இந்தத் தாமதத்தில் அக்கரை ஆபீஸின் இரண்டு இடமும் நிரம்பிவிட்டன. எனக்கு டப்ளினில் ஒரு இடம் தருகிறார்கள். அக்கரைக்கு மாற்றல் கேட்டுப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். ஐந்து வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்கிறார்கள். சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலையும் காத்திருக்கிறது. இங்கே எனக்கு மொராக் இருக்கிறாள், அறை இருக்கிறது. டப்ளினில் யாரையும் தெரியாது. இரண்டு இடத்துக்கும் பதினைந்தாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மாமா, நீங்கள் இதுவரை ஒரு தடவைகூட 'வா' என்று எழுதியதில்லை. தாளை அனுப்பினீர்கள், சுவருக்கு வெள்ளை அடித்தீர்கள், சூட்டைக் காற்றாட விட்டீர்கள். நானும் அதையெல்லாம் படித்து, நீங்கள் சொல்லாததை நானே நிரப்பிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை நிரப்ப மாட்டேன். நீங்களே சொல்லுங்கள். பதினான்காம் தேதி வரை ஒவ்வொரு நாளும் தபாலைப் பார்ப்பேன்.

நூலா

*

இனிஷ்கோர்
ஜூலை 8

நூலா,

இந்தக் கடிதத்துக்காக ஐந்து தாள் கிழித்தேன். ஒன்றில் திமிங்கிலம் வந்துவிட்டது. அதை அடுப்பில் போட்டேன்.

டப்ளினை எடுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை டப்ளின் பஸ் அக்கரைக்கு வருவது எட்டேகால். கடைசிப் படகு ஏழரைக்கு. இந்த முக்கால் மணி நேரத்தால் நீ இரவு அக்கரையில் தங்க வேண்டிவரும், பிறகு சலித்துப்போய் மாதத்துக்கு ஒரு முறை என்றாகும், பிறகு கிறிஸ்துமஸுக்கு என்றாகும். அதனால் நேற்று மானஸின் வீட்டுக்குப் போனேன். அவனிடம் நான் எதையும் கேட்டதில்லை, உனக்குத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை மட்டும் பஸ் வர்ற வரைக்கும் படகை நிறுத்துவியா?"ன்னேன்.

"எத்தனை வெள்ளிக்கிழமை?"

"அவளுக்கு மாற்றல் கிடைக்கிற வரைக்கும்."

மானஸ் வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். இதில் கதை எதுவும் வரப்போகிறதா என்று பார்த்தான் போலிருக்கிறது. கதை எதுவும் வரவில்லை. "படகுல இருக்கறவங்க முணுமுணுப்பாங்களே ஹியூடி"ன்னான். "முணுமுணுக்கட்டும்"னேன். வலையை மறுபடி எடுத்துக்கொண்டே, சரி என்றான்.

ஜன்னலிலிருந்து நம் வீட்டுப் புகை தெரியும் என்று எழுதினேனே, நான் அந்த மாடிக்கு ஏறிப் பார்த்ததே இல்லை. சாயங்காலம் தேநீர் போடும்போது இரண்டு கோப்பை எடுக்கிறேன், ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். மூன்று வருடமாக இப்படித்தான். பசுவிடம் பேசுகிறேன், அது பதில் சொல்வதாகக் க்ரான்யாவிடம் சொல்லியிருக்கிறேன். அது பதில் சொல்வதில்லை.

நான் சொல்ல வேண்டியது ஒரே சொல். எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

வா.

ஹியூடி